மின்சாரக் கம்பியும் சிபாரிசுக் கடிதமும்

செம்பட்டி பஸ் நிலையத்தில் மாலை வேளையில் ஒரு கால்மணி நேரம் நின்று பார்த்தவர்களுக்கு, நாம் இன்று எழுதப் போகும் விஷயத்தில் பாதி விளங்கிவிடும். மதுரையிலிருந்து பழனிக்குப் போகும் பஸ் உள்ளே நுழையும். அது நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டு விழும், பை விழும், குடை விழும். கைக்குழந்தையோடு முதலில் வந்து காத்து நின்ற பெண் ஏறிப் பார்த்தால் இடமெல்லாம் நிறைந்திருக்கும். ஆனால் ஆள் இருக்காது, துண்டுதான் இருக்கும். கேட்டால் "ஆள் வருது" என்பார்கள். பஸ் ஒட்டன்சத்திரம் போய்ச் சேருகிறவரையிலும் அந்த ஆள் வராமலே போவதும் உண்டு.

துண்டு போட்டவன் பேரில் நமக்குக் கோபம் வருகின்றது. ஆனால் துண்டுக்கு இடம் கொடுக்கின்ற ஏற்பாட்டின் பேரில் மாத்திரம் கோபம் வருவதில்லை. "நாளைக்கு நாமும் ஒரு துண்டு கொண்டு வந்தால் போகிறது" என்று சமாதானம் செய்து கொள்ளுகின்றோம். இந்தப் புத்திதான் நம்மைப் பல காரியங்களிலும் கெடுத்து வருகின்றது என்பதற்கு, மின்சாரக் கம்பியில் நடக்கும் சங்கதியை ஓர் உதாரணமாக எடுத்துக்கொள்ள விரும்புகின்றோம்.

சூரிய வெளிச்சம் எல்லோருக்கும் பொது, காற்றும் பொது. அவற்றிலிருந்து ஒருவன் மின்சாரம் உண்டாக்கிக்கொள்ள வேண்டுமானால் அதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை என்று 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 7-வது பிரிவே சொல்லிவிட்டது. ஆனால் அதே பிரிவு, கம்பியோடு சேர்ப்பதற்கான தொழில்முறை விதிகளுக்கு உட்பட்டே இதைச் செய்ய வேண்டும் என்றும் சொல்லுகின்றது. அதாவது, உண்டாக்குவதற்குக் கதவு திறந்தாகிவிட்டது. உண்டாக்கியதைப் பொதுக் கம்பியில் சேர்க்கும் வாசலிலோ காவல் இருக்கின்றது. காவல் இருப்பதை நாம் குற்றம் சொல்லவில்லை. அந்தக் காவல்காரன் யாரைப் பார்த்துக் கதவைத் திறக்கிறான், யாரைப் பார்த்துச் சாத்துகிறான், எத்தனை நாள் நிறுத்தி வைக்கிறான் என்பதே கேள்வி.

கண்ணால் கண்ட சங்கதி

நமக்குத் தெரிந்த ஒரு அம்மாள், செம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் வீட்டிலேயே நான்கு தையல் இயந்திரங்கள் போட்டுப் பிழைக்கிறவர். புருஷன் இல்லை. படிக்கிற பெண் பிள்ளைகள் இரண்டு. மாடிமேல் சோலார் பலகை போட்டால் மத்திய சர்க்கார் மானியம் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டார். 2024-ம் வருஷம் பிப்ரவரியில் தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தில் ஒரு கோடி வீடுகளுக்குப் பலகை என்று இலக்கு வைத்து, 3 கிலோவாட் போடுகிறவர்களுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றும் அறிவித்திருந்தார்கள். அம்மாள் பாங்கியில் கடன் வாங்கினார்; பலகையும் மாடி ஏறியது.

அதன்பிறகு மீட்டர் வரவில்லை. மீட்டர் வந்து, உத்தியோகஸ்தர் பார்த்துக் கையெழுத்துப் போட்டாலொழியப் பலகையின் மின்சாரம் கம்பியில் சேரக் கூடாது, மானியமும் வராது. ஆனால் பாங்கிக்காரன் அதற்காகக் காத்திருப்பானா? தவணை மாதம் தவறாமல் வந்து நின்றது. மாசி போயிற்று, பங்குனி, சித்திரை, வைகாசியும் போயின. 3 கிலோவாட் பலகை நம் சீமை வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட் கொடுக்கும். 120 நாளைக்கு 1,440 யூனிட் ஆகிறது. சூரியன் ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் வேலைக்கு வந்து திரும்பிப் போனான். அம்மாள் பழையபடியே மின்சாரக் கட்டணமும் கட்டினார், பாங்கித் தவணையும் கட்டினார். மூன்றாவது தவணைக்கு மூத்த பெண்ணின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று.

அந்த ஆபீஸ் எது, உத்தியோகஸ்தர் யார் என்று நாம் எழுதப் போவதில்லை. ஒரு ஆளைத் தூக்கிவிட்டு இன்னொரு ஆளை வைப்பதால் தீருகின்ற நோயல்ல இது. அதைவிட முக்கியமாக எழுத வேண்டியது நம்முடைய யோக்கியதையைப் பற்றியே. அம்மாள் நம்மிடம் வந்து அழுதார். நாம் என்ன செய்தோம்? சட்டத்தைப் புரட்டிப் பார்த்தோமா? இல்லை. நமக்குப் பழக்கமான ஒரு பெரிய மனிதரிடம் போய் ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கி, அதை ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தோம். மூன்றாம் நாள் மீட்டர் வந்துவிட்டது. பெரிய காரியம் சாதித்தவர்போல் மீசையைத் தடவிக் கொண்டோம்.

பத்து நாள் கழித்து, பூக்கட்டிப் பிழைக்கின்ற ஒரு வயோதிகர் நம்மை வழியில் மறித்தார். அவரும் அதே ஆபீஸில், அந்த அம்மாளுக்கு ஒரு மாதம் முன்னதாகவே மனுக் கொடுத்திருந்தவர். "எங்க பேப்பர் முன்னாடி போச்சே, அவங்களுக்கு எப்படிங்க முன்னாடி வந்துச்சு?" என்றார். நாம் வாயைத் திறக்கவில்லை. திறந்து என்ன சொல்லுவது? சிபாரிசு என்பது மந்திரமல்லவே! ஒருவரை முன்னால் தள்ளினால் இன்னொருவர் பின்னால் போகத்தானே செய்வார்! மேடைமேல் ஏறி சுயமரியாதை பேசுகின்ற நாம், பூக்கட்டுகின்ற ஒரு கிழவரின் இடத்தில் நம் துண்டைப் போட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தோம்.

பிற்பாடுதான் விதிகளைத் தேடிப் படித்தோம். வெட்கம் இரட்டிப்பாயிற்று. மின் நுகர்வோர் உரிமைகள் பற்றி மத்திய சர்க்கார் 2020-ல் செய்த விதிகளை 2024-ம் வருஷம் பிப்ரவரியில் திருத்தியிருக்கிறார்கள். அதன்படி, 10 கிலோவாட் வரைக்கும் மாடிப் பலகைக்குச் சரியாகப் பூர்த்தி செய்து கொடுத்த மனுவை, "இடம் தாங்குமா, தாங்காதா" என்ற ஆராய்ச்சி இல்லாமலே ஏற்றுக்கொண்டதாகக் கருத வேண்டும். அதற்கு மேற்பட்டால் ஆராய்ச்சிக்கு முன்பு 20 நாள் கெடு இருந்தது. அது 15 நாளாகக் குறைக்கப்பட்டது. அதற்குள் பதில் இல்லையென்றால் ஒப்புக்கொண்டதாகவே அர்த்தம். பலகை போட்டு முடித்துச் சர்டிபிகேட் கொடுத்த பிறகு மீட்டர் வைத்து ஓட்டிக் கொடுப்பதற்கு 30 நாள் கெடு 15 நாளாயிற்று. 5 கிலோவாட் வரைக்கும் கம்பியையோ டிரான்ஸ்பார்மரையோ பலப்படுத்த வேண்டியிருந்தால், அது கம்பெனியின் சொந்தச் செலவு.

ஆகவே அந்த அம்மாளும் அந்தப் பூக்காரரும் பிச்சைக்கு நிற்கவில்லை. தங்களுடையதைக் கேட்டு நின்றார்கள். அது அவர்களுக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது. தெரிந்தவர்களோ சொல்லவில்லை. உரிமையைத் தயவாக மாற்றிக் கொடுப்பதற்குத்தான் சிபாரிசு என்று பெயர்.

விதியே வேண்டாமா?

நிற்க. இப்படிச் சொல்லுவதனால், யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கம்பியில் மாட்டிக் கொள்ளலாம் என்பது நமது அபிப்பிராயம் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. கம்பியில் ஒழுங்கு வேண்டும் என்பதற்கு உண்மையான காரணங்கள் இருக்கின்றன. அவற்றை அறிந்து கொண்டால்தான் பொய்யான காரணங்களை அடையாளம் காண முடியும்.

மின்சாரம் தொட்டியில் தேங்கி நிற்கின்ற தண்ணீர் போன்றதல்ல. செலவாகின்ற அளவும் உண்டாகின்ற அளவும் ஒவ்வொரு கணமும் சமமாக இருந்தாக வேண்டும். நம் நாட்டுக் கம்பி விநாடிக்கு 50 சுற்று என்ற தாளத்தில் ஓடுகின்றது; தாளம் அதிகமாகத் தப்பினால் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே கழன்று கொள்ளும். 2012-ம் வருஷம் ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் கம்பி வலை சரிந்து, 31-ம் தேதி 60 கோடி ஜனங்களுக்கு மேல் இருட்டில் கிடந்தார்கள். தென்னாட்டுக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை. காரணம், நம் வலை அப்போது வடநாட்டு வலையோடு ஒரே தாளத்தில் சேர்ந்திருக்கவில்லை. 2013 டிசம்பர் 31-ல்தான் ராய்ச்சூர் - சோலாப்பூர் வழியாகச் சேர்ந்தது.

அன்றியும், உங்கள் மாடிப் பலகை, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால், லைன் செத்துக் கிடப்பதாக நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேன் உயிரோடு இறங்க மாட்டார். ஒரு சிறிய டிரான்ஸ்பார்மரின் கீழ் எல்லா வீடுகளும் நடுப்பகலில் மின்சாரத்தை உள்ளே தள்ளினால் அழுத்தம் ஏறி விளக்கும் விசிறியும் கெடும். வாய்க்கால் ஒன்றுதான், ஊரில் உள்ள கிணறுகள் எல்லாவற்றின் தண்ணீரையும் ஒரே நேரத்தில் அதற்குள் இறைத்தால் கரை தாங்குமா என்று பார்க்கத்தான் வேண்டும்.

இவையெல்லாம் அளந்து பார்க்கக் கூடிய காரணங்கள். டிரான்ஸ்பார்மர் எவ்வளவு தாங்கும், இதுவரை எவ்வளவு சேர்ந்தாயிற்று, மிச்சம் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுச் சுவரில் எழுதி வைத்துவிடலாம். கணக்குக் காட்ட முடிகிற காரணம் நியாயமான காரணம். "பார்க்கலாம்", "மேலே அனுப்பியிருக்கிறது", "அடுத்த வாரம் வாருங்கள்" என்பவை காரணங்களே அல்ல. கோயில் சாமி வரம் கொடுக்காததற்குப் பூசாரி சொல்லுகின்ற சமாதானத்திற்கும் இவற்றிற்கும் என்ன வித்தியாசம்?

கம்பி வந்த கதை

நம் மாகாணத்தில் பைகாரா நீர்மின் நிலையம் 1932-லும், மேட்டூர் 1937-லும், பாபநாசம் 1944-லும் ஓடத் தொடங்கின. மலைமேல் உண்டான மின்சாரம் நூற்றுக்கணக்கான மைல் கம்பியில் சமவெளிக்கு இறங்கி வந்தது. 1957-ல் மின்சார வாரியம் ஏற்பட்டது. அக்காலத்தில் "புதிதாக மின்சாரம் உண்டாக்குகிறவனை எப்படிச் சேர்ப்பது" என்ற கேள்வி ஜனங்களுக்கு இல்லை. உண்டாக்குவது பெரும்பாலும் சர்க்கார், கம்பியும் சர்க்கார். மின்சாரம் ஒரே திசையில், மேலிருந்து கீழே ஓடியது. கீழே இருப்பவன் வாங்கிக் கொள்ளுகிறவன் மாத்திரமே. மேலே இருப்பவன் கொடுப்பான், கீழே இருப்பவன் கைநீட்டுவான் என்ற ஏற்பாட்டைப் பார்த்துப் பார்த்துப் பழகிய நமக்கு அதில் ஒன்றும் விசித்திரம் தோன்றவில்லை.

காற்றாலை வந்தபோதுதான் சங்கடம் பிறந்தது. 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் முதல் காற்றாலைகள் நின்றன. பிறகு ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகிய கணவாய்களின் வாயில் ஆயிரக்கணக்கில் முளைத்தன. இன்று தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். ஆனால் காற்றாடி நடுவது சில மாத வேலை. மின்சாரத்தை எடுத்துப் போகக் கோபுரம் நட்டுக் கம்பி இழுப்பது பல வருஷ வேலை. இதன் பலனாக, ஆனி ஆடியில் காற்று அடிக்கும் காலத்தில் காற்றாலைகளை நிறுத்தி வைக்கச் சொல்லுவது வழக்கமாயிற்று. 2012-ல் ஊருக்கு ஊர் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. வயலில் நெல் விளைந்தும் வண்டிப்பாதை இல்லாமல் களத்திலேயே கிடந்து மக்குவது போன்றது இது.

சூரிய மின்சாரத்திலும் இதே கதை வந்தது. 2016-ல் ராமநாதபுரம் ஜில்லா கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தபோது, அதை வாங்கிக் கொள்ள 400 கிலோவோல்ட் துணைநிலையமும் பக்கத்திலேயே எழுந்தது. இருக்கட்டும், பெரியதற்குப் பாதை போட முடியும் என்பதற்கு அது அத்தாட்சி. ஆனால் நம் மாநிலத்தில் சூரிய மின்சாரத்தை நிறுத்தச் சொன்ன வழக்கில், மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் என்ன கண்டது தெரியுமா? கம்பியின் பத்திரத்துக்காக என்று சொல்லி நிறுத்தியதெல்லாம் அதற்காகவே அல்ல என்று கண்டு, நஷ்ட ஈடு கொடுக்கும்படி உத்தரவிட்டது. ஆகவே "பாதுகாப்பு" என்பது உண்மையான காரணமாகவும் இருக்கலாம், போர்வையாகவும் இருக்கலாம். எது எப்போது என்று தெரிந்து கொள்ளுவதற்குக் கணக்கு வெளியே வர வேண்டும்.

துண்டை எடுக்கும் வழி

வரிசை என்றாலே "முதலில் வந்தவனுக்கு முதலில்" என்பதுதான் நியாயம் என்று நாம் நினைக்கின்றோம். கேட்பதற்கு அது நியாயமாகவே தோன்றும். ஆனால் வரிசையில் நிற்பதற்கு ஒரு காகிதம் போதும் என்று வைத்துவிட்டால், ஆள் வருவதற்கு முன் துண்டு வந்துவிடும். நிலம் இல்லாதவன், பணம் இல்லாதவன், மின்நிலையம் கட்டுகின்ற எண்ணமே இல்லாதவன் எல்லாம் ஒரு மனுவைப் போட்டு இடம் பிடித்து, பிறகு அந்த இடத்தையே விலை பேசுவான். உண்மையாகக் கட்டக் கூடியவன் அவன் பின்னால் நின்று வேர்ப்பான்.

அமெரிக்காவில் இது எவ்வளவு தூரம் முற்றியது என்றால், 2023 முடிவில் கம்பியில் சேரக் காத்து நின்ற உற்பத்தித் திட்டங்களும் சேமிப்புத் திட்டங்களும் சுமார் 2,600 ஜிகாவாட். அந்நாட்டில் அப்போது நின்ற எல்லா மின்நிலையங்களையும் கூட்டினாலும் இதில் பாதிதான் வரும். 2000 முதல் 2018 வரை வரிசையில் சேர்ந்த திட்டங்களில் ஐந்தில் ஒரு பங்கு மாத்திரமே 2023-க்குள் கட்டி முடிந்தது. ஆகவே அந்நாட்டு மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2023 ஜூலையில் ஒரு உத்தரவு போட்டது. அதன் சாரம் மூன்றே சங்கதிகள். முதலாவது, "முதலில் வந்தவனுக்கு" என்பது போய் "முதலில் தயாரானவனுக்கு" என்றாயிற்று. நிலம் கையில் இருப்பதைக் காட்ட வேண்டும், முன்பணம் கட்ட வேண்டும், நடுவில் ஓடினால் தண்டம். இரண்டாவது, ஒவ்வொரு மனுவாக எடுத்து ஆராய்வதை விட்டு, ஒரு வட்டாரத்து மனுக்களை ஒரு கூட்டமாக எடுத்து ஆராய்ந்து செலவையும் பங்கிட வேண்டும். மூன்றாவதுதான் நமக்கு மிகவும் பிடித்தது: இதுவரை கம்பிக்காரர்கள் "கூடியவரை முயற்சி செய்கின்றோம்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இடமிருந்தது; அந்தச் சமாதானம் எடுபட்டு, கெடுவுக்குள் ஆராய்ச்சியை முடிக்காவிட்டால் அவர்களுக்கும் தண்டம் என்றாயிற்று.

இங்கிலாந்திலும் 700 ஜிகாவாட்டுக்கு மேல் வரிசையில் நின்றது. தயாராக இருப்பதும் தேசத்துக்குத் தேவையானதும் முன்னால் வரட்டும், மற்றவை விலகட்டும் என்று 2025-ல் ஒப்புக் கொண்டார்கள்.

நம் நாட்டிலும் மாநிலங்களுக்கிடையே ஓடும் பெரிய கம்பிக்கு 2009-ல் இருந்த விதிகளை மாற்றி, மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022-ல் புதிய விதிகள் செய்தது. நிலம் இருக்கிறது என்றோ, மின்சாரத்தை வாங்க ஒப்பந்தம் இருக்கிறது என்றோ காட்ட வேண்டும். அல்லது பாங்கி ஜாமீன் கட்ட வேண்டும். எந்த ஊருக்கு மின்சாரம் போகிறது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியதில்லை. 2025-ல் இன்னொரு திருத்தம் வந்தது. அதை நம் விவசாயிகள் ஒரு வார்த்தையில் புரிந்து கொள்ளுவார்கள்: முறைத் தண்ணீர். சூரிய மின்நிலையத்துக்குக் கொடுத்த கம்பி ராத்திரியில் சும்மா கிடக்கின்றது. அந்த நேரத்தில் காற்றாலைக்கோ பாட்டரிக்கோ அதே கம்பியை விடலாம். பகல் முறை ஒருவனுக்கு, இரவு முறை ஒருவனுக்கு. ஒரே வாய்க்காலில் இரண்டு வயல் விளையும்போது, இரண்டாவது வாய்க்கால் வெட்டும் செலவு மிச்சந்தானே!

இவை நல்ல மாறுதல்கள் என்றே சொல்லுவோம். ஆனால் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முன்பணமும் ஜாமீனும் துண்டு போடுகிறவனைத் தடுக்கும். ஆனால் அளவு மிஞ்சினால் ஏழையையும் சேர்த்தே தடுத்துவிடும். 2019-ல் வந்த மத்திய சர்க்கார் திட்டத்தின்படி, விவசாயிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் பஞ்சாயத்துகளும் தரிசு நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை சூரிய மின்நிலையம் வைத்துப் பக்கத்துத் துணைநிலையத்தில் சேர்க்கலாம். ஆத்தூர், நிலக்கோட்டைத் தாலுக்காக்களில் மழை பொய்த்துத் தரிசாய்க் கிடக்கும் காடுகளுக்கு இது ஒரு விமோசனம். ஆனால் நூறு கோடி முதலாளியையும் நாலு ஏக்கர் குடியானவனையும் ஒரே தராசில் நிறுத்தி "பணம் கட்டியவன் முன்னால் வா" என்றால், அங்கே சிபாரிசுக்குப் பதில் பணப்பை வரிசையை மாற்றும். தயார் என்பதற்கு அடையாளம் நிலமும் வேலையும் ஆகட்டும். பணம் திட்டத்தின் அளவுக்குத் தக்கபடி ஆகட்டும்.

ஆட்சேபனைக்குப் பதில்

"மாடிமேல் பலகை போடுகிறவன் கட்டணம் கட்டாமல் தப்பித்துக் கொண்டால், கம்பியைப் பராமரிக்கும் செலவு ஏழை தலையில் விழாதா? ஏற்கனவே லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிய கடன் இருக்கின்றதே!" என்று கேட்கின்றார்கள். கேள்வி நியாயமானது. பகலில் கொடுத்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் எல்லோரும் ஒன்றாகக் கம்பியிடம் கை நீட்டினால் செலவு உண்டு என்பதும் மெய்யே. இதற்குப் பதில், கம்பியை உபயோகிப்பதற்கு உள்ள கூலியை ஆணையத்தின் முன்னால் விசாரித்து, எல்லோரும் அறிய நிர்ணயம் செய்து, அதை வாங்கிக் கொள்ளுவதாகும். மீட்டரைக் கொடுக்காமல் நாளைக் கடத்துவது கூலி வாங்குவதாகாது. தாமதமும் ஒரு வரிதான். ஆனால் சட்டசபை போடாத வரி, ரசீது இல்லாத வரி, எளியவனிடம் மாத்திரம் வசூலாகின்ற வரி.

"ஆள் போதாது" என்பது இரண்டாவது ஆட்சேபனை. ஆள் போதாது என்பது உண்மையானால், சிபாரிசுக் கடிதம் கண்ட மூன்றாம் நாள் எந்த ஆள் வந்தான்?

நாம் கேட்பது

1. ஒவ்வொரு மின்சார ஆபீஸ் வாசலிலும், எந்த டிரான்ஸ்பார்மரில் எவ்வளவு இடம் இருக்கிறது, யார் மனு எந்தத் தேதியில் வந்தது, இன்று எந்த நிலையில் இருக்கிறது என்ற பட்டியல் தொங்க வேண்டும். பேர் போட வேண்டியதில்லை. மனு எண் போதும்.

2. கெடு தவறினால், தாமதித்த ஒவ்வொரு நாளுக்கும் நஷ்ட ஈடு, கேளாமலே அடுத்த மின் கட்டணத்தில் கழிய வேண்டும். ஏழை அதற்கு இன்னொரு மனுப் போட்டு இன்னொரு வரிசையில் நிற்கக் கூடாது.

3. மறுப்பதானால் எழுத்தில், அளவோடு, காரணம் காட்டி மறுக்க வேண்டும்.

4. காற்றாலையையோ சோலாரையோ நிறுத்தச் சொன்னால், எத்தனை மணிக்கு, எவ்வளவு, என்ன காரணத்தால் என்பதை அன்றன்றே வெளியிட வேண்டும்.

5. சிறு விவசாயிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்து ஒரே மனுவாகப் போடுவதற்கும், அளவுக்கேற்ற முன்பணம் கட்டுவதற்கும் இடம் வேண்டும்.

6. எந்த ஊரில் வெயிலும் காற்றும் இருக்கிறது என்பது தெரிந்த சங்கதியானபடியால், மனு வருகிறவரை காத்திராமல் கம்பியை முன்கூட்டியே போட வேண்டும். புதுப்பிக்கும் சக்திகளைக் கம்பியில் சேர்க்கத் தக்க வழி செய்ய வேண்டியது மாநில ஆணையத்தின் கடமை என்று 2003-ம் வருஷத்துச் சட்டத்தின் 86-வது பிரிவு சொல்லியே இருக்கிறது. நாம் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

நம்முடைய பங்கு

சர்க்காரைச் சொன்னோம், நம்மைச் சொல்ல வேண்டாமா? தையற்கார அம்மாள் வீட்டில் பலகை போட ஆள் வந்த அன்று, மாமனார் கிழவர் குறுக்கே நின்றார். "தெற்கு எமன் திசை, தெற்குப் பார்த்து வைத்தால் வீடு விளங்காது" என்றார். பூமத்திய ரேகைக்கு வடக்கே உள்ள நம் ஊரில் வருஷத்தில் பெரும்பகுதி சூரியன் தெற்குச் சாய்வாகவே போகிறான். தெற்குப் பார்த்து வைத்தால்தான் அதிக மின்சாரம் கிடைக்கும் என்று பலகைக்காரப் பையன் சொல்லி, அன்றைக்கு ஒருவாறு ஒப்புக் கொண்டார். பிற்பாடு நான்கு மாதம் காத்து, மீட்டர் வந்து இறங்கிய நாள் அஷ்டமியாய்ப் போயிற்று. "நாளைக்கு வரச் சொல்லலாமா?" என்றார் கிழவர். 120 நாள் ஆபீஸ்காரன் தாமதித்ததற்கு வயிறு எரிந்தவர், 121-வது நாளைத் தம் கையாலேயே கொடுக்கத் தயாராயிருந்தார்! அம்மாள் மாத்திரம், "மாமா, பாங்கிக்காரன் அஷ்டமி பார்த்தா தவணை வாங்குறான்?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அன்றே மீட்டர் ஏறியது. வீடும் நன்றாகத்தான் இருக்கிறது. தோடும் அடகிலிருந்து திரும்பியது.

ஆகவே தோழர்களே! மனுக் கொடுத்தால் தேதி போட்ட ரசீது கேட்டு வாங்குங்கள். கெடுவை எண்ணுங்கள். கெடு தாண்டினால் பெரிய மனிதர் வீட்டுத் திண்ணைக்குப் போகாதீர்கள்; மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது, அதற்கு எழுதுங்கள். அங்கும் தீராவிட்டால் சென்னையில் மின்குறை தீர்ப்பாளர் இருக்கிறார், அவருக்கு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பதற்கு ஒவ்வொரு ஊரிலும் நம் தோழர்கள் வாரத்தில் ஒரு மாலை உட்காரலாம். அந்தப் பூக்காரப் பெரியவருக்கு நாம் அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம். கடிதம் எதுவும் சேர்க்கவில்லை; விதியின் பேரையும் தேதிகளையும் மாத்திரம் எழுதினோம். அவருக்கும் மீட்டர் வந்தது. மூன்று நாளில் வரவில்லை, மூன்று வாரம் ஆயிற்று. ஆனால் அதற்காக வரிசையில் வேறு ஒருவரும் பின்னால் போகவில்லை.

அந்த மூன்று வாரத்துக்கும் முந்திய மூன்று நாளுக்கும் உள்ள வித்தியாசந்தான் சுயமரியாதை என்பது நமது அபிப்பிராயம்.